சமைத்தது யார்?

வணக்கம் அண்ணா,

ஒரு லீவு நாளில் காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே மூச்சாக ஒரு நாவலைப் படித்து முடித்ததாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை வார லீவு. மாவு மில், ரேஷன், கரண்ட் பில், பையனின் யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பது, மீன் வாங்கிக் குழம்பு வைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், அவருக்கு ஞாயிறு லீவு. ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுகிறேன். நாலு வாரமாக 60-ஆம் பக்கத்திலேயே நிற்கிறேன். நீங்கள் நாவல் படித்த அன்றைக்கு உங்கள் வீட்டில் சமைத்தது யார்? நான் படிக்க வேண்டுமென்றால் இதில் எதை விடுவது?

பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா. அன்றைக்குச் சமைத்தது என் அம்மா.

கட்டுரையில் அதை எழுதவில்லை. மறைக்கவும் இல்லை, எழுதும்போது அது நினைப்பிலேயே வரவில்லை, அதுதான் இன்னும் மோசம். நான் கூடத்தில் தலையணையைச் சுவரில் சாய்த்துப் படுத்திருந்தேன், பதினொரு மணிக்கு டீ வந்தது, ஒன்றரைக்குத் தட்டு வந்தது, இடது கையால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது கேட்டால் தெரியாது. நாவலில் வருகிற கிழவர் என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அது பழைய கதை. இரண்டு வருடமாக அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அடுப்பு என்னிடம் வந்துவிட்டது. அதனால் இப்போது என் புதன்கிழமையும் கிட்டத்தட்ட உங்கள் செவ்வாய்க்கிழமைதான், அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

காலையில் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது, வாரநாளில் நின்று பேரம் பேசலாம். சங்கரா ஒரு கூறு வாங்கி, வெட்டுகிற அக்காவிடம் கொடுத்து, அவர் செதில் சுரண்டும்வரை பக்கத்தில் நிற்பேன். அங்கே புத்தகம் எடுக்க மாட்டேன், எடுத்தால் அதுவும் மீனாகிவிடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது, சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான், விலையைக் கேட்டால் பேசாமல் கருவாட்டுக்குத் திரும்பிவிடத் தோன்றும்.

படிப்பு ஆரம்பிப்பது மாவு மில்லில். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. குழம்பு மிளகாய்த்தூள் அரைக்க மிளகாய், தனியா, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனால் அங்கே எனக்கு முன்னால் ஆறு தூக்கு நிற்கிறது. கோதுமைக்காரர்களை முதலில் விட்டுவிட்டு மிளகாயைக் கடைசியில்தான் போடுவார்கள். முக்கால் மணி நேரம். போனில் சார்ஜ் இல்லாத ஒரு நாள் பையில் நூலகப் புத்தகம் கிடந்தது, எடுத்தேன். நின்றுகொண்டே தும்மிக்கொண்டே பதினெட்டுப் பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் 43-ஆம் பக்கத்து ஓரத்தில் சிவப்பாக என் கட்டைவிரல் ரேகை, ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்த மாதிரி. துடைத்தால் இன்னும் பரவியது. திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் சொல்லிவிட்டேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, காரம் தூக்கலோ என்றார். அதற்குப் பிறகு புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுகிறேன், விரலை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் தொடுவது. (அரைத்த தூளைச் சூட்டோடு டப்பாவில் போடாதீர்கள், பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டும். அந்தப் பழைய பேப்பரையும் நான் குனிந்து படிப்பேன், அது வேறு வியாதி.)

அப்புறம் குழம்பு. இதில் ஒரு சௌகரியம் உண்டு. புளியும் தூளும் கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வந்தபின் மீனைப் போட்டுவிட்டால் கரண்டியே போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து லேசாக ஒரு சுற்று, சிறு தீயில் பத்து நிமிடம், அவ்வளவுதான். இறக்கி வைத்த குழம்பு உடனே சாப்பிட ஒன்றும் பிரமாதமில்லை, சாயங்காலம்தான் மீனுக்குள் உப்பும் புளியும் இறங்கியிருக்கும். ஆகவே நான் பதினொரு மணிக்கே வைத்து இறக்கிவிட்டு, மத்தியானம் ரசமும் அப்பளமுமாக ஒப்பேற்றிவிட்டு, ராத்திரிக்குத்தான் சட்டியைத் திறக்கிறேன். நடுவில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். ஒரே நாளில் நாவல் முடிவதில்லை, மூன்று புதன்கிழமை ஆகிறது.

தூங்கிவிடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தூங்குங்கள். ஆறு நாள் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டுகிற உடம்பு அது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ராத்திரிப் படிப்பை விட்டுவிடுங்கள், இரண்டு பக்கம் படித்து மறுநாள் அதே இரண்டு பக்கத்தை மறுபடி படிப்பதில் யாருக்கும் லாபமில்லை. மில்லுக்குப் போகும்போது புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 60-ஆம் பக்கம் நாலு வாரமாக நகரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, உங்கள் செவ்வாய்க்குத் திறந்திருக்கும். 1948-ல் வந்த நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் வாடகையில் அதையும் உங்களிடம்தான் வாங்கியிருப்பார். கூச்சப்படாமல் போங்கள். (வீட்டுக்காரர் என்றால் இங்கே வீட்டு ஓனர்.)

இந்த வீட்டுக்காரரை விட்டு அந்த வீட்டுக்காரருக்கு வருகிறேன். எதை விடுவது என்று கேட்டீர்களே, மீனை விடுங்கள். சாப்பிடுவதை இல்லை, செவ்வாய்க்கிழமை மீனை. அது ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும், அவர் வாங்கி வரட்டும், அவரே குழம்பும் வைக்கட்டும். லோடு வண்டியையே சந்து பொந்தில் ஓட்டுகிறவருக்குக் காசிமேட்டுக் கூட்டம் ஒன்றுமில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா பார்க்கணும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது, இந்த இரண்டை மட்டும் சொல்லி அனுப்புங்கள். அப்படியும் முதல் வாரம் ஏமாந்துதான் வருவார். திட்டாமல் இருங்கள், கஷ்டம்தான். நான் முதன்முதலாகக் கொண்டுவந்த மீனை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் இருந்த பூனையைப் பார்த்தாள். அடுத்தடுத்த வாரமும் ஏதாவது ஒரு குறை. ஆறாவது வாரம்தான் ஒன்றும் சொல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சட்டியை எடுத்துக் கொடுத்தாள்.