500 ரூபா குடுத்து எடிட்டர் போடணுமா?

கேள்வி: அண்ணே, தங்கச்சி பிசிஏ முதல் வருஷம், இந்த செமஸ்டர் பைத்தான் ப்ரோகிராமிங் வருது. வீட்ல 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான். சர்வீஸ் கடைக்காரர் ப்ரோகிராம் எழுதுற பைசார்ம் எடிட்டரோட ஃபுல் வெர்ஷன் 500 ரூபாய்க்கு போட்டுத் தர்றேங்கிறாரு, கூடப் படிக்கிற பசங்க விஎஸ் கோட்ங்கிற இன்னொரு எடிட்டரே போதும்ங்கிறாங்க. எதைப் போடுறது?

பதில்: முதல்ல அந்த 500 ரூபாய பாக்கெட்லயே வைங்க தம்பி. அந்த விலைக்கு ஃபுல் வெர்ஷன்னா கிராக் பண்ண திருட்டு வெர்ஷனாத்தான் இருக்கும், அதோட சேர்ந்து வேற என்னென்ன லேப்டாப்புக்குள்ள வரும்னு யாருக்குத் தெரியும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு வேண்டியதெல்லாம் பைசார்ம்ல ஃப்ரீயாவே இருக்கு, காசு கட்டுற பகுதியக்கூட ஸ்டூடன்ட்னு காட்டுனா அதைச் செய்யுற ஜெட்பிரெயின்ஸ் கம்பெனிக்காரங்க சும்மா தர்றாங்க. ஆனா அவங்களே 8 ஜிபி ரேம் இருந்தா நல்லதுங்கிறாங்க, உங்க லேப்டாப்ல அது திறக்குறதுக்குள்ள டீ போட்டு குடிச்சுட்டே வந்துரலாம்.

என்னைக் கேட்டா இப்போதைக்கு தானி (Thonny)ங்கிற எடிட்டரப் போடுங்க. எஸ்தோனியா நாட்டு டார்ட்டு யுனிவர்சிட்டில கத்துக்குட்டிகளுக்குன்னே செஞ்சது, பைத்தானும் உள்ளயே வந்துரும், தனியா போட வேணாம். ப்ரோகிராம ஒவ்வொரு அடியா ஓட விட்டு எந்த வேரியபிள்ல என்ன மதிப்பு இருக்குன்னு பக்கத்துலயே பாத்துக்கலாம், ஒரே வேலைய திரும்பத் திரும்ப ஓட்டுற ஃபார் லூப் மண்டையில ஏற இதைவிட நல்ல வழி நான் பாக்கல.

விஎஸ் கோடும் ஃப்ரீதான், ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதுக்கு மாறட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம், அது வெறும் எடிட்டர், பைத்தான தனியா இன்ஸ்டால் பண்ணணும், பண்ணும்போது கீழ 'ஆட் டு பாத்'னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டாத்தான் பைத்தான் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும், நான் அதை விட்டுட்டு அரை நாள் என் கோட்லதான் தப்புன்னு தேடிட்டு இருந்தேன். விஎஸ்னா விஷுவல் ஸ்டுடியோதானேன்னு அதை டவுன்லோட் பண்ணிடாதீங்க, அது வேற, பல ஜிபி தின்னும். விஎஸ் கோட்ல கோட் எழுதித் தர்ற ஏஐ கோபைலட்ட கொஞ்ச நாள் ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா லூப் எல்லாம் அது எழுதிரும், இவ லேப் எக்ஸாம்ல முழிப்பா.

ஆமா, காலேஜ் லேப்ல என்ன வச்சிருக்காங்கன்னும் கேட்டுக்கோங்க. ஐடில்னு சொன்னா பயப்பட ஒண்ணுமில்ல, அது பைத்தானோடயே வர்ற எடிட்டர்தான்.

செலவு பண்ணியே ஆகணும்னா இன்னொரு 4 ஜிபி ரேம் போடுங்க, ஸ்லாட் காலியா இருக்கான்னு பாத்துட்டு.