களத்து வீட்டின் வரலாறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் பூர்வீகக் களத்து வீடு இருக்கிறது. வரும் தைக்குப் பிறகு அதை இடித்துவிடப் பங்காளிகள் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குள் அதன் வரலாற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். முந்நூறு வருட வீடு என்பார் பெரியப்பா. வாசல் நிலையில் '1078 தை' என்று செதுக்கியிருக்கிறது. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில், நெல் சேர்த்துவைக்கும் மண் குலுக்கைகள் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. வம்சாவளி ஒன்றைத் தவிர என் கையில் வேறு ஆவணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

நிலையில் இருப்பது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரை ஒட்டிய நம் சீமையில் கல்வெட்டிலும் பத்திரத்திலும் நெடுங்காலம் அதுவே வழங்கியது. ஆவணியில் பிறக்கும் ஆண்டாதலால் மார்கழி நடு வரை 824-ஐயும் அதன் பின் 825-ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் நிலை 1903-ஆம் ஆண்டுத் தை மாதத்தது. பழைய வீட்டு நிலையைப் புது வீட்டில் வைப்பதும், பழைய சுவருக்குப் புது நிலை போடுவதும் உண்டு என்பதால், இதைக் கொண்டே வீட்டின் வயதை முடிவு செய்ய வேண்டாம். மங்களூர் ஓடு வேய்ந்திருந்தால் ஒன்றை இறக்கி அடிப்புற முத்திரையைப் பாருங்கள். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமயப் பணி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அந்தத் தொழிற்சாலைகளைப் பின்னர் ஏற்று நடத்திய நிறுவனத்தின் பெயரான 'காமன்வெல்த்' என்றிருந்தால், ஓடு முதல் உலகப் போருக்குப் பிந்தையது. அது கூரையின் வயதை மட்டுமே சொல்லும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரம் இணையத்திலேயே கிடைக்கும். முந்தையது அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் நான்கெல்லை சொல்லும் சக்குபந்தியை நிதானமாக வாசியுங்கள். மாட்டுத் தொழு எந்தப் பக்கம், களம் யார் பங்கு, கிணற்றில் யாருக்கு முறை என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நிலம் ஏக்கரில் இல்லாமல் கோட்டை விதைப்பாட்டில், அதாவது எத்தனை கோட்டை விதை நெல் பிடிக்கும் நிலம் என்ற கணக்கில், எழுதப்பட்டிருக்கலாம்; கோட்டை என்பது நெல் அளவு, நம் பக்கத்தில் அதற்கு 21 மரக்கால்.

ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் குலுக்கைகள். வம்சாவளியை மட்டும் வைத்து எழுதினால் அது உங்கள் குடும்பத்தின் கதையாகுமே தவிர வீட்டின் கதையாகாது. கார், பிசானம் என்ற இரு பூ விளைச்சலையும் அடித்து, தூற்றி, அளந்து, சேர்த்துவைப்பதற்கென்று எழுந்த வீடு அது. அதனால்தான் இரண்டாங்கட்டு அத்தனை அகலமாகவும் சன்னல் குறைவாகவும் இருக்கும். குலுக்கையின் அடிப்பக்கத்தில் நெல் எடுக்கும் துளை இருக்கும். அதன் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். உயரத்தையும் சுற்றளவையும் அளந்தால் எத்தனை கோட்டை பிடிக்கும் என்று கணக்கிடலாம். அதைப் பத்திரத்தில் உள்ள விதைப்பாட்டோடு ஒப்பிட்டால், விளைந்ததில் வீட்டுக்குள் வந்தது எவ்வளவு, குத்தகைதாரர் பங்கான வாரமாகவும் கூலியாகவும் களத்திலேயே பிரிந்துபோனது எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். நில உச்சவரம்பு 1961-இல் 30 தர ஏக்கராகவும் 1970-இல் 15 ஆகவும் வந்தபோது உங்கள் வயல் குறைந்ததா என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

பத்திரத்தில் பெயர் ஏறாமல் அந்தக் குலுக்கைகளை நிரப்பியவர்களின் பிள்ளைகள் ஊரில் இன்னும் இருப்பார்கள். பெரியப்பாவிடம் கேட்கும் அதே மரியாதையோடு அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள்: அறுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள், கூலி எத்தனை மரக்கால், களத்து நெற்குவியலான பொலியை அளந்தது யார், அவர்கள் அந்த வீட்டில் எந்த இடம் வரைக்கும் வரலாம் என்றிருந்தது. சுவரை இடித்த பிறகு இந்தக் கடைசிக் கேள்விக்கு இடத்தைக் காட்டிப் பதில் சொல்ல அவர்களால் முடியாது; ஆகவே இந்த ஐப்பசிக்குள் போய்விடுங்கள்.