பணக்கார நாடு, ஏழை நோய்

கேள்வி: ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கு இதய நோய் அதிகமாமே? பரம்பரை உடல்வாகுதான் காரணமா?

பதில்: உடல்வாகு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை, அதுதான் வசதி. ருமாட்டிக் இதய நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் ஒரு தொண்டைவலி, சில சமயம் தோல் புண், அவ்வளவுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. கவனிக்காமல் விட்டால், அதை விரட்டக் கிளம்பிய நோயெதிர்ப்பு சக்தியே இதய வால்வைத் தாக்கிப் பழுதாக்கிவிடும். வசதியான ஆஸ்திரேலியர்களிடம் இந்த நோய் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது, ஆனால் வடக்குப் பிரதேசத்தின் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னும் வருகிறது. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துப் படுத்து, உடைந்த குளியலறைக் குழாயைச் சரிசெய்யவும் ஆளில்லாவிட்டால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? வீடு கட்டுவதும் இதய வைத்தியம்தான் என்பேன்.

சரி, பென்சிலின் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒருமுறை நோய் வந்த பிள்ளைக்குக் கிருமி மறுபடி தொற்றாமலிருக்க 28 நாளுக்கு ஒரு ஊசி, அதுவும் வருடக்கணக்கில். கெட்டியான மருந்து, போட்ட இடம் நன்றாகவே வலிக்கும். பத்து வயதுப் பிள்ளையை மாதாமாதம் அதற்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், தெரியும். வால்வு கெட்டால் அறுவை சிகிச்சைக்கு வீட்டைவிட்டு அடிலெய்டுக்கோ மெல்போர்னுக்கோ விமானமேற வேண்டியிருக்கும்.

அப்புறம் மாரடைப்பு, சர்க்கரை, சிகரெட் எல்லாம் தனிக் கணக்கு. பழங்குடியினரும் சும்மா இருந்துவிடவில்லை: 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தாங்களே ஒரு மருத்துவ நிலையம் ஆரம்பித்தார்கள். இன்று அதுமாதிரி நாடு முழுக்க இருக்கின்றன.