கம்ப்யூட்டர், ரேடியோ இரைச்சல், அடியில ஒட்டிருக்கற லேபிள்: உங்க கேள்விகளுக்கு பதில்

இஎம்ஐ டெஸ்ட் (கடன் இஎம்ஐ இல்லீங்க, மின்சாதனங்க ரேடியோவுக்கு பண்ற இடையூறை அளக்கறது) பண்ற லேப்ல தான் எனக்கு வேலை. லேப்டாப், அடாப்டர், ரௌட்டர்னு வர்றதை எல்லாம் ஆன்டெனா முன்னாடி வச்சு எவ்ளோ இரைச்சல் கக்குதுன்னு அளப்போம். அமெரிக்காவுல ரேடியோ, தொலைத்தொடர்பை கட்டுப்படுத்தற அரசு அமைப்பான எஃப்சிசியோட ரூல்ஸ் பத்தி தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, முதல்ல அதையே எடுத்துக்கறேன்.

பிரபு: அண்ணா, யுஎஸ்ல வாங்குன லேப்டாப் அடியில, வர்ற இடையூறு எதுவா இருந்தாலும் இந்த சாதனம் ஏத்துக்கணும்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. வெளி சிக்னலை தடுக்கவே கூடாதா? வேவு பாக்கறதுக்கா இது?

இல்ல பிரபு, பயப்படாதீங்க. அது எஃப்சிசியோட பார்ட் 15ங்கற ரூலோட வாசகம். ரெண்டு கண்டிஷன்: மத்தவங்களுக்கு கெடுதலான இடையூறு பண்ணக்கூடாது, தனக்கு வர்றதை பொறுத்துக்கணும். ஷீல்டு போடக்கூடாதுன்னு எங்கயும் இல்ல, தாராளமா போடலாம். அது பேசறது யாருக்கு முன்னுரிமைன்னு. லைசென்ஸ் வாங்குன ஹாம் ரேடியோகாரர் (பொழுதுபோக்கா ரேடியோல பேசறவர்) ரயில்ல ரிசர்வேஷன் பண்ணி வந்தவர் மாதிரி, நம்ம கம்ப்யூட்டர் காலி சீட்ல உக்காந்திருக்கு, அவர் வந்தா எந்திரிக்கணும், அவ்ளோ தான். அவர் முறைப்படி பேசறப்ப உங்க ஸ்பீக்கர்ல கரகரன்னு கேட்டா அவரை நிறுத்த சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. உங்க மெஷினால அவருக்கு தொந்தரவுன்னு எஃப்சிசி சொல்லிட்டா நீங்க தான் ஆஃப் பண்ணணும், டெஸ்ட் பாஸ் பண்ண லேபிள் இருக்கேன்னு சொன்னாலும் எடுபடாது. லேபிளை அனுமதி சீட்டு மாதிரி நினைக்கறவங்க தான் அதிகம், தயவுசெஞ்சு அந்த ரெண்டு வரியையும் ஒரு தடவை முழுசா படிங்க.

மீனா: இந்த ரூல் எதுக்கு வந்துச்சு சார்?

கம்ப்யூட்டருக்கான வரம்பு, வீட்டு கம்ப்யூட்டர் வந்ததால வந்துச்சு. 1977ல வந்த டிஆர்எஸ்-80ங்கற வீட்டு கம்ப்யூட்டரை எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்துல ஏஎம் ரேடியோ வச்சா ப்ரோகிராம் ஓடறது காதுலயே கேக்கும், சில கேம்ல அந்த இரைச்சலையே சவுண்டா யூஸ் பண்ணாங்க! 1979ல எஃப்சிசி கம்ப்யூட்டர்களுக்கு கிளாஸ் ஏ, கிளாஸ் பின்னு ரெண்டு வகை இரைச்சல் வரம்பு கொண்டு வந்துச்சு. அந்த மெஷினால அதுக்குள்ள அடங்க முடியல, 1981ல நிறுத்திட்டாங்க.

டல்லாஸ்ல இருந்து ரவி: ஆபீஸ்ல கழிச்சு விட்ட சர்வர் ஒண்ணு சும்மா கிடைச்சுது, கிளாஸ் ஏன்னு போட்டிருக்கு. வீட்ல ஓட்டலாமா?

கிளாஸ் ஏ ஆபீஸ், ஃபேக்டரிக்கு, கிளாஸ் பி வீட்டுக்கு. 30ல இருந்து 88 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பாத்தீங்கன்னா கிளாஸ் பிக்கு 3 மீட்டர் தூரத்துல மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் தான் வரம்பு, கிளாஸ் ஏக்கு 10 மீட்டர்ல 90. நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணா தெரியும் ஆனா தூரத்தை சரிக்கட்டி பாத்தா கிளாஸ் ஏ சுமார் 3 மடங்கு கக்கலாம். அதோட மேனுவல்லயே இருக்கும், குடியிருப்பு பகுதில ஓட்டி இடையூறு வந்தா சொந்த செலவுல சரி பண்ணணும்னு. பக்கத்து வீட்டு சுவருக்கு ஒட்டி வைக்காதீங்க, யாராவது புகார் சொன்னா மறுக்காம ஆஃப் பண்ணிருங்க.

கார்த்திக், சென்னை: அப்பா மீடியம் வேவ்ல சென்னை வானொலி கேக்கறப்ப என் லேப்டாப் ஆன் பண்ணாலே ஒரே இரைச்சல்.

சார்ஜர் பிளக்கை சுவத்துல இருந்து புடுங்கிட்டு பேட்டரில ஓட்டுங்க தம்பி. இரைச்சல் நின்னா குற்றவாளி அடாப்டர். டூப்ளிகேட் அடாப்டரை பிரிச்சு பாத்தா கரெண்ட் உள்ள வர்ற இடத்துல ரெண்டு காயில் சுத்துன சோக் (இரைச்சலை தடுக்கற பாகம்) இருக்க வேண்டிய எடத்துல வெறும் ரெண்டு கம்பி ஜம்பர் போட்டிருப்பான், போர்டுல சோக்குக்கு அச்சடிச்ச வட்டம் மட்டும் காலியா இருக்கும். 150 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வயர் வழியா திரும்பி போற இரைச்சலை அடக்கறதே அந்த சோக் இருக்கற பில்டர் தான், மீடியம் வேவ் முழுசா அதுக்குள்ள வருது. அதே வாட்டேஜ் ஒரிஜினல் வாங்கி குடுங்க, அப்பா நிம்மதியா கேக்கட்டும்.

அனிதா: அப்ப பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சின்னம் பாத்து வாங்குனா போதுமா?

வாங்குங்க, ஆனா அது வேற விஷயம். ஆர் நம்பரோட வர்ற அந்த பதிவு ஷாக், தீ மாதிரி பாதுகாப்புக்கு. ரேடியோ இரைச்சல் அதுல வராது. வைஃபை, ப்ளூடூத் இருந்தா மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி குடுக்கற இடிஏங்கற ஒப்புதல் தனி.

ஹரி: யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் போட்டா வயர்லெஸ் மவுஸ் குதிக்குது. ரெண்டுலயும் எஃப்சிசி லேபிள் இருக்கே?

வரம்பு 3 மீட்டர்ல அளக்கறது, உங்க மவுஸோட டாங்கிள் (யுஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர்) இருக்கறது விரல் கடை தூரத்துல. யுஎஸ்பி 3ஓட 5 ஜிகாபிட் டேட்டா, வயர்லெஸ் மவுஸ் பேசற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஏரியாலயே இரைச்சல் பரப்புது, இன்டெலே 2012ல இதை பத்தி எழுதிருக்கு. டாங்கிளை சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல தள்ளி வைங்க, சரியாயிடும்.

செந்தில், கோவை: நாங்க கன்ட்ரோலர் போர்டு பண்ணி அமெரிக்காவுக்கு அனுப்ப போறோம். வைஃபை மாட்யூல்ல எஃப்சிசி ஐடி இருக்கு, அதை மேல எழுதிட்டா போதும்னு சொல்றாங்க?

போதாது செந்தில், இதுல தான் நிறைய சின்ன கம்பெனிங்க மாட்டிக்கறாங்க. எஃப்சிசி ஐடிங்கறது ஒப்புதல் நம்பர், மாட்யூல்ல இருக்கறது அந்த வைஃபை டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும். உங்க ப்ராசஸர், கிளாக், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கக்கற இரைச்சலுக்கு நீங்க தான் டெஸ்ட் எடுக்கணும். 2017 கடைசில இருந்து அதுக்கு பேரு எஸ்டிஓசி, நீங்களே குடுக்கற உறுதிமொழி, ஆனா ரிப்போர்ட் கைல இருக்கணும், பொறுப்பேத்துக்கறவர் அமெரிக்காவுல இருக்கணும், அவர் பேரு முகவரி பொருளோட போகணும். எஃப்சிசி லோகோ கட்டாயம் இல்ல, டெஸ்ட் எடுக்காம லோகோவை மட்டும் அச்சடிக்கறது தப்பு. இன்னொண்ணு, மாட்யூல் ஐடியை எஃப்சிசி சைட்ல போட்டு தேடுங்க, பெரும்பாலும் உள் போட்டோவே கிடைக்கும், உங்க கைல இருக்கறதோட வச்சு பாருங்க, போலின்னா அங்கயே தெரிஞ்சிரும்.

ஜான்சி: என் போன்ல லேபிளே இல்லயே?

செட்டிங்ஸ்ல பாருங்க, திரை இருக்கறதுல உள்ளயே காட்டலாம்னு 2014ல அமெரிக்காவுல சட்டம் வந்துருச்சு.

விக்னேஷ்: பயாஸ்ல ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ஆஃப் பண்ணா ஓவர்கிளாக் (ப்ராசஸரை அதிக வேகத்துல ஓட்டறது) ஸ்டேபிளா இருக்கும்னு சொல்றாங்க, பண்ணட்டா?

கம்ப்யூட்டரோட வேகத்தை ஓட்டற 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் துடிப்பை ஒரே எடத்துல நிக்க விடாம அரை சதவீதம் கீழ வரைக்கும், நொடிக்கு 30 ஆயிரம் தடவைக்கு மேல ஆட்டி விடறது தான் அது, சக்தி பரவிடறதால ரிசீவர்ல உச்சி குறையும். டெஸ்ட்ல பாஸ் ஆனதே அது ஆன்ல இருந்தப்பவா இருக்கலாம். ஓவர்கிளாக் போட்டிக்குன்னா ஆஃப் பண்ணி முடிச்சிட்டு திரும்ப ஆன் பண்ணிருங்க, தினசரி ஓட்டத்துல ஆஃப்ல விடாதீங்க.