அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்

தம்பி, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குத் தேர்வாகியும், "டாக்டர், வக்கீல்தான் தொழில், பட்டாளம் வெறும் சம்பளத்துக்குப் போகிற வேலை" என்று அப்பா தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரியில்லை. அங்கே 49 வாரப் பயிற்சி. முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகமே முதுநிலைப் பட்டயம் தருகிறது. படிப்பு அதோடு நிற்காது. மேஜர் ஆன பிறகும் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் முப்படை அதிகாரிகளுக்கான உயர்பயிற்சிக் கல்லூரிக்குப் போட்டித் தேர்வு எழுதுகிறார்கள். தப்பு செய்தால் விசாரிக்க 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் இருக்கிறது, தனி நீதிமன்றமும் இருக்கிறது.

என் அண்ணன் அங்கே முடித்த அன்று, அம்மாதான் தோளில் நட்சத்திரம் பொருத்தினார். கை நடுங்கி இரண்டு முறை நழுவியது. முதல் லீவில் வந்த அண்ணன் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. தன் கீழுள்ள முப்பது பேரில் யாருக்கு வீட்டில் கடன், யார் குழந்தைக்குக் காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை உயிருக்கும் பொறுப்பேற்பது தொழில் இல்லையென்றால் வேறு எது தொழில்?

அப்புறம் ஒன்று. அந்த அகாடமி வழியாகச் சேரும் குறுகிய காலப் பணி (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) என்றால் 10 வருடம், மேலும் 4 வருடம் வரை நீட்டிக்கலாம், ஆனால் பென்ஷன் கிடையாது. அப்பாவின் பயம் அதுதானோ என்னவோ. முதலில் அதைக் கேளுங்கள்.