அட்டை வளைகிறது, ஓரம் பிசிறுகிறது: புது மெஷின் வாங்கலாமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். தொட்டில் போடும் விழா, பேர் வைக்கும் விழாக்களுக்கு வீட்டிலிருந்தே கையால் அட்டை செய்து கொடுக்கிறேன். கையால் சுற்றும் சின்ன டை கட்டிங் மெஷின் இருக்கிறது. அதில் டை என்கிற கூர் ஓர அச்சை வைத்துத் தொட்டில், யானைக்குட்டி, பிஞ்சுப் பாதம் என்று வெட்டி ஒட்டுவேன். மழைக்காலம் வந்தால் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக வருகிறது. ஒட்டியவை இரண்டு நாளில் சுருண்டு எழும்புகின்றன. அட்டையே வளைந்துவிடுகிறது. கார்த்திகை மாதத்துக்கு 60 அட்டை ஆர்டர் வந்திருக்கிறது. ஒருவர் ரூ.38,000-க்குக் கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் தருகிறேன், லோனும் நானே வாங்கித் தருகிறேன், செய்கிற அட்டைகளையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கோளாறுக்கும் மெஷின் காரணமில்லை. தாள், பசை, நம் கடலோரக் காற்று மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. 38,000 ரூபாய் மெஷினிலும் இதே தாளைப் போட்டால் இதே பிசிறுதான் வரும்.

தாள் என்பது நார். காற்றில் ஈரம் இருந்தால் நார் அதைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் துணியே இரண்டு நாள் காய்வதில்லை, தாள் எப்படிக் காயும்? ஈரம் ஏறிய நார் மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற நாரை டை வெட்டுவதற்குப் பதில் பிய்த்து இழுக்கிறது. நீங்கள் பார்க்கும் பிசிறு அதுதான்.

எந்தத் தாளில் வெட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பராக இருக்கும். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். சார்ட் பேப்பர் எழுதவும் வரையவும் உள்ளது. அதை விட்டுவிடுங்கள். வெட்டுகிற வடிவங்களுக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடை அளவு) வரை ஐவரி அட்டை, அதாவது வழுவழுப்பான கெட்டி வெள்ளை அட்டை; அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். அவ்வளவுதான்.

ஆனால் கடைக்காரர் 250 என்று சொல்லித் தருவது 250-தானா? இதில்தான் நம் ஊரில் அதிகமாக ஏமாறுகிறார்கள். கட்டு பிரித்துச் சில்லறையாக விற்கும் தாளில் அளவு எழுதியிருக்காது. 210-ஐ 250 என்று கொடுத்தால் கைக்குத் தெரியாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. 16 ஏ4 தாள்களைப் பரப்பினால் சரியாக ஒரு சதுர மீட்டர் வரும். ஆகவே 16 தாளை எண்ணி எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 250 கிராம் காட்டினால் அது 250 ஜிஎஸ்எம். 212 காட்டினால் உங்களுக்குக் கொடுத்தது 210. மழைநாளில் ஈரம் ஏறி நாலைந்து கிராம் கூடக் காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் சரி, கடையிலேயே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். நிறைய வேண்டுமென்றால் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாகக் கிடைக்கும். அங்கும் நிறுத்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்கிவந்த தாளை உடனே வெட்டாதீர்கள். ஏசி கடையிலிருந்து வந்த தாள் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக ஓர் இரவு வேண்டும். அப்புறம், மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கைவாட்டில் வையுங்கள். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து, அது இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள். டப்பாவைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த ராத்திரி என் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தாள் முழுக்கப் பாறை மாதிரி ஒட்டிப்போனது. மேல்தட்டில் டப்பாவில் இருந்தது ஒரு தாள்கூடக் கெடவில்லை.

அட்டை வளைவதற்கு இன்னொரு காரணம் நாரின் ஓட்டம். ஆலையில் தாள் ஓடிவந்த திசையிலேயே நார் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பு விண்டு பல் தெரியும். அட்டையை மடிக்காமல் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் உங்கள் மடிப்பு வரும் பக்கம். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். அழுத்தியதால் எழும்பும் புடைப்பு அட்டையின் உள்பக்கம் வர வேண்டும்.

மெஷினைப் பற்றி இரண்டே வார்த்தை. மேலும் கீழும் வைக்கும் பிளேட்டுகள் ஒரே பக்கமாக ஓடி வளைந்திருக்கும். ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றி, புரட்டியும் போடுங்கள். யானைத் தும்பிக்கை போன்ற மெல்லிய இடம் வெட்டுப்படவில்லை என்றால் சாதாரணப் பிரின்ட் தாள் ஒன்றை மடிக்காமல் கூடுதலாக வைத்துச் சுற்றுங்கள். டைக்குள் தாள் மாட்டிக்கொண்டால் டைக்கும் தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் ஒரு துண்டு. இதற்கு மேல் அந்த மெஷினில் ஒன்றுமில்லை.

புதுச்சேரி பக்கம் இருப்பதால் வாடிக்கையாளர்கள் நிச்சயம் ஹேண்ட்மேட் பேப்பர் கேட்பார்கள். 1959 முதல் அரவிந்தர் ஆசிரமத்தின் தொழிற்சாலையில், படேல் சாலையில், பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்கிறார்கள். கையில் எடுத்தாலே ஒரு கனிவு தெரியும். ஆனால் பருத்தி நார் நீளமானது, மெல்லிய டைக்கு அது அறுபடாது, இழுபடும். ஆகவே அதில் டை கட்டிங் கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பாதி கேட்டுவிட்டுத் தாளை வீணாக்கியவர்கள் நிறைய. வடிவம் பிறை, மேகம், வட்டம் போல ஓட்டையோ கூரோ இல்லாமல் மொத்தமாக இருக்க வேண்டும். தாள் மெல்லியதாக இருக்க வேண்டும், பூவிதழ் வைத்துச் செய்த ரகம் வேண்டவே வேண்டாம், இதழ் இருக்கும் இடத்தில் டை நிச்சயம் வழுக்கும். தாளின் பின்புறம் டபுள் சைட் ஒட்டுத்தாளால் 160 ஜிஎஸ்எம் ஐவரியை முதலிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்த உறுதியான முதுகு இருந்தால்தான் நார் நகராமல் நிற்கும். ஒரு முறை சுற்றியதும் எடுக்காமல், எல்லாவற்றையும் அப்படியே கால் வட்டம் திருப்பி இரண்டாம் முறை சுற்ற வேண்டும். தாள் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், அதாவது கார்த்திகையில் செய்யக்கூடாது, தை பிறந்த பிறகு. இத்தனையும் ஒன்றாக அமைந்தால் அழகாக வரும். அமையாவிட்டால் ஹேண்ட்மேட் தாளை அடி அட்டையாக, அதன் இயற்கை ஓரத்தோடு வைத்து, மேலே ஐவரி வடிவத்தை ஒட்டுங்கள். உங்கள் 60 அட்டைக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழி.

சுருளுவது முழுக்க வெள்ளைப் பசையின் வேலை. அதில் இருப்பது தண்ணீர். மெல்லிய வடிவத்தின் பின்புறம் மட்டும் நனைந்தால், அந்தப் பக்கம் உப்பி, பிறகு காய்ந்து சுருங்கி, ஓரத்தைத் தூக்கிவிடும். வெள்ளைப் பசையை வடிவங்களுக்குத் தொடாதீர்கள். தாளை வெட்டுவதற்கு முன்பே அதன் முதுகில் டபுள் சைட் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு யானையும் ஒரு ஸ்டிக்கராக வந்துவிடும். உரித்து ஒட்ட வேண்டியதுதான். 60 அட்டைக்கு இரண்டு நாள் வேலை அரை நாளில் முடியும்.

நம் வீட்டு விசேஷ அட்டை என்பதை மறக்கக்கூடாது. நீங்கள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்து கொடுத்தாலும் வாங்கியவர் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவத்தான் போகிறார். ஈர மஞ்சள் பட்டால் மூலையில் ஒட்டியிருக்கும் பூவும் பொம்மையும் கறையேறி எழும்பும். மூலையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். மணி, ஆடும் கண், மினுக்குத் தூள் இவையும் வேண்டாம். அட்டை கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்த வீட்டுப் பெரிய குழந்தையின் வாய்.

பேரை வெட்டி ஒட்டக் கேட்டால் என்ன செய்வது? கடையில் கிடைக்கும் எழுத்து டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் புள்ளி தனித்துண்டு, அதைக் கையால் இடம் பார்த்து ஒட்டினால் ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். இதற்காகக் கம்ப்யூட்டர் மெஷின் வேண்டாம். பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போங்கள். கம்ப்யூட்டரில் போட்ட எழுத்தை அப்படியே வெட்டும் பிளாட்டர் மெஷின் அவர்களிடம் இருக்கிறது. பேரை வினைல் என்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளில் வெட்டி, மேலே ஒட்டுப்படலம் போட்டுத் தருவார்கள், புள்ளி இருந்த இடத்திலேயே வந்து உட்காரும். பேரை எழுதிக் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள், நீங்களே டைப் செய்து கொடுங்கள். 'ஞ', 'ஜ' மாறிப்போன அட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் எடை பாருங்கள். முழு ஏ4 தாளை இரண்டாக மடித்த 300 ஜிஎஸ்எம் அட்டை மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். சாதாரணத் தபாலுக்கு 20 கிராம் ஒரு படி, உறை போட்டதுமே தாண்டிவிடும். ஏ4-ஐப் பாதியாக வெட்டி மடித்தால் கவலையில்லை. முன்பெல்லாம் ஒரு கையெழுத்தோடு போய்ச் சேரட்டும் என்று பதிவுத் தபாலில் போடுவோம். 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். வேகம் வேண்டாதவரையும் வேகத்துக்குக் காசு கட்டவைக்கும் ஏற்பாடு இது, சிறு வியாபாரிகளைக் கேட்டுச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

இப்போது அந்த ஆள். 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். கற்பூரம், பாக்குமட்டைத் தட்டு, காகிதக் கப் என்று பொருள்தான் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. முதல் இருபது அட்டையை நல்ல விலைக்கு எடுப்பார்கள். அடுத்த நூறில் 'தரம் இல்லை' என்பார்கள். அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தை நம்பி நானே பஞ்சிங் மெஷின் எடுத்தேன். ஒப்பந்தத் தாளில் 'தரத்துக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருந்தது, அந்தத் தரம் என்ன என்று எங்கும் எழுதவில்லை. மெஷினை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றுத்தான் வெளியே வந்தேன்.

லோன் வாங்கித் தருகிறேன் என்பதும் பொய்யான உதவி. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் ரூ.50,000 வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. அதற்கு ஏஜென்ட் யாரையும் நியமிக்கவில்லை என்று முத்ரா அமைப்பே சொல்கிறது. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு நேரே போய்க் கேளுங்கள். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது மெஷின் கொட்டேஷன்தான். தாள் வாங்கப் பணம் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். பயிற்சி முகாம்களிலும் இதே கதை. எந்தப் பித்தானை அழுத்துவது என்று மூன்று நாள் சொல்லித்தந்து சான்றிதழ் கொடுக்கிறார்கள், தாளை நிறுத்து வாங்கு என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. பெண்கள் கடனாளி ஆவதற்கு இந்த ஏற்பாடே பாதிக் காரணம், இதை மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஆர்டருக்கு இப்போதே ஐவரி வாங்கி நிறுத்துப் பாருங்கள். ஐந்தே ஐந்து அட்டை செய்யுங்கள். ஒன்றின் மூலையில் மஞ்சள் தடவுங்கள், ஒன்றை உறையில் போட்டு உங்களுக்கே தபாலில் அனுப்புங்கள், மற்ற மூன்றையும் சமையலறை அலமாரி மேல் மூன்று நாள் வையுங்கள். வீட்டில் ஈரம் அதிகம் ஏறுகிற இடம் அது. மூன்றாம் நாள் யானையின் காதுநுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். எழும்பவில்லை என்றால் ஆர்டருக்கு வெட்ட ஆரம்பிக்கலாம்.