பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்கு சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். மக்கள் தொடர்பு, கார்ப்பரேட் கம்யூனிகேஷன் பக்கம் போக ஆசை. ஆங்கிலம் சுமார்தான். வீட்டில் சென்னைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். மதுரையிலேயே இருந்து இந்த வேலைக்குள் வர முடியுமா? எம்.பி.ஏ. படித்தே ஆக வேண்டுமா?"

வரலாம். எம்.பி.ஏ. கட்டாயம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். நம்ம ஊரில் 'பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) தேவை' என்று வரும் விளம்பரங்களில் நிறைய மருத்துவமனை வேலைகள். போய்ப் பார்த்தால் உசிலம்பட்டி, மேலூர் என்று சுற்றி அங்குள்ள டாக்டர்களைப் பார்த்து நோயாளிகளை அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் வேலையாக இருக்கும், இல்லையென்றால் வரவேற்பு மேஜையில் நிற்க வேண்டியிருக்கும். அது மார்க்கெட்டிங், நீங்கள் கேட்கிற வேலை அது இல்லை. இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: "பத்திரிகைக்கு எழுதுவது யார், நிருபர் போன் பண்ணினால் பேசுவது யார்?" அந்த ஆள் நீங்களாக இருந்தால் சேருங்கள்.

ஆங்கிலத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். மதுரையில் முதலில் கைகொடுப்பது தமிழ்தான். தினத்தந்தியே 1942-இல் இந்த ஊரில் தொடங்கியதுதான். இன்றைக்கும் மாவட்டச் செய்தி போடுகிற பக்கத்துக்குத் தமிழில் திருத்தமில்லாமல் எழுதித் தருகிறவருக்கு மதிப்பு உண்டு. சென்னையிலிருந்து வரும் பிரஸ் நோட்டுகள் (பத்திரிகைகளுக்கு நிறுவனங்கள் எழுதி அனுப்பும் செய்திக்குறிப்புகள்) பலவும் ஆங்கிலத்தில் எழுதி அவசரமாகத் தமிழாக்கியவை, பத்திரிகை டெஸ்க்கில் செய்தி திருத்த உட்கார்ந்திருப்பவர் பாதி வரி படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுகிற அளவு ஆங்கிலம் வேலையில் சேர்ந்தபிறகு தானாக வந்துவிடும்.

சரி, பிரஸ் நோட் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மருத்துவமனை முகாம் நடத்துகிறது என்று வையுங்கள். வழக்கமாக வருவது இப்படி: 'மக்கள் நலனில் அக்கறை கொண்ட எங்கள் மருத்துவமனை, அதிநவீன வசதிகளுடன் மாபெரும் இலவச முகாமை நடத்துவதில் பெருமிதம் கொள்கிறது.' இதில் செய்தி எங்கே? இப்படி எழுதிப் பாருங்கள்: 'உசிலம்பட்டியில் வரும் ஞாயிறு காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை இலவச சர்க்கரை நோய் பரிசோதனை முகாம் நடக்கிறது. வெறும் வயிற்றில் வர வேண்டும். பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவரவும்.' இதை அப்படியே பக்கத்தில் வைத்துவிடலாம். போட்டோ அனுப்பினால் இடமிருந்து வலமாக யார் யார், என்ன பொறுப்பு என்பதை இனிஷியல் பிசகாமல் கூடவே எழுதுங்கள். பெயர் தப்பாக வந்தால் அடுத்த நாள் திட்டு விழுவது உங்களுக்குத்தான். யூனிகோடில் (எந்தக் கணினியிலும் படிக்க வரும் தமிழ் எழுத்து முறை) அடியுங்கள், மெயிலிலேயே ஒட்டி அனுப்புங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் அவர்கள் திரும்ப டைப் செய்ய வேண்டும், யார் செய்வார்?

பிரஸ் மீட்டை முற்பகலில் வையுங்கள். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக நடக்கும் நாட்களிலும், அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்திலும் வைக்கவே வைக்காதீர்கள். பத்து நாற்காலி போட்டு நீங்களும் எம்.டி.யும் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம், இந்த வேலையில் சம்பளம் உயர்வது நல்ல செய்தியை எழுதுவதால் அல்ல, கெட்ட நாளில் பேசத் தெரிவதால். ஒரு குடோனில் தீப்பிடித்துவிட்டது, வாசலில் மைக்கோடு நான்கு பேர் நிற்கிறார்கள், உள்ளே ஓனர் போனை அணைத்துவிட்டார். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டியது நாலு வரி: 'காலை 10.20-க்குத் தீப்பிடித்தது. இரண்டு ஊழியர்கள் சிகிச்சையில் இருக்கிறார்கள், குடும்பத்துக்குச் சொல்லிவிட்டோம். காரணம் இன்னும் தெரியவில்லை, தீயணைப்புத் துறை பார்க்கிறது. மாலை 5 மணிக்கு அடுத்த தகவல் தருவோம்.' அதற்குமேல் ஊகமாக ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். குடும்பத்துக்குச் சொல்லாமல் பெயரை வெளியே விடாதீர்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குச் சொல்லிவிட வேண்டும், புதிதாக எதுவும் இல்லையென்றாலும்.

கார்ப்பரேட் கம்யூனிகேஷனில் இன்னொரு பாதி கம்பெனிக்கு உள்ளேயே இருக்கிறது. ஷிப்ட் மாறுவது, கேன்டீன் ரேட், தீபாவளி போனஸ் பற்றிய நோட்டீஸைத் தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும் இதே வேலைதான். உங்களுக்குப் பக்கத்திலேயே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சிறு கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார், எச்.ஆர். கையில்தான் இருக்கும். அங்கே நுழைந்தால் பழகலாம். நீங்கள் பி.காம். என்பதும் வீண் இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் முக்கியத் தகவல்களைக் கெடுவுக்குள் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதி. அதை எழுதக் கணக்கு புரிய வேண்டும். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு.

படிக்கத்தான் வேண்டும் என்றால் டெல்லி ஐ.ஐ.எம்.சி.யின் (இந்திய மக்கள் தொடர்பியல் கல்வி நிறுவனம்) விளம்பரம், மக்கள் தொடர்பு முதுநிலை டிப்ளமோ நல்ல பெயர் பெற்றது, ஆனால் உங்கள் வீட்டில் சென்னைக்கே யோசிக்கிறார்கள். மதுரையிலேயே இதழியல் முதுகலை சேர்ந்து, லீவில் ஏதாவது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சிக்கு உட்காருங்கள். எந்தச் செய்தியைக் குப்பையில் போடுகிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அரசு வேலை பிடிக்கும் என்றால், கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் பணியையும் கவனியுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சென்னை பி.ஆர். ஏஜென்சிகளுக்கு மதுரையில் ஒரு கிளையண்ட் நிகழ்ச்சி என்றால் நிருபர்களை அழைக்க, பிரஸ் நோட்டைத் தமிழில் சரிபார்க்க, மறுநாள் எந்தப் பேப்பரில் வந்தது என்று கட்டிங் எடுத்து அனுப்ப உள்ளூரில் ஆள் தேவைப்படும். நீங்களாக எழுதிப் பார்த்த மூன்று நாலு பிரஸ் நோட்டை இணைத்து அவர்களுக்கு மெயில் போடுங்கள். ஒருநாள் வேலை, காலையில் திருமங்கலத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.